மாடிப்படிக்குக் கீழே ஓர் ஆரஞ்சுப் பூ

ஜூன் 4, 2012, திங்கள்

பிளஸ் டூ இன்று ஆரம்பித்தது. முதல் நாளே இயற்பியல் டீச்சர் செய்முறை நோட்டு வாங்கச் சொன்னார். நான் இரண்டு வாங்கினேன். ஒன்று செய்முறைக்கு, இன்னொன்று செய்யக் கூடாத முறைகளுக்கு. இது இரண்டாவது. அட்டையில் ‘இயற்பியல்’ என்றுதான் போட்டிருக்கிறேன். அந்தச் சொல்லைப் பார்த்த பிறகு எங்கள் வீட்டில் யாரும் உள்ளே புரட்ட மாட்டார்கள்.

பேனாவால் எழுதுவதற்குக் காரணம், கம்ப்யூட்டர் என்னை எட்டு மணிக்கே வெளியே தள்ளிவிட்டது. தினமும் தள்ளுகிறது.

கம்ப்யூட்டர் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. உயிர்ப்பித்தால் திரையில் நான்கு பெயர்கள் வரும். முதலில் ரூபன், என் அண்ணன். மார்ச்சில் கப்பலுக்குப் போய்விட்டான், இன்ஜின் ரூமில் பயிற்சி. அவன்தான் அட்மினிஸ்ட்ரேட்டர், அதாவது பெட்டிக்குள் எதை வேண்டுமானாலும் மாற்றலாம், சேர்க்கலாம், அழிக்கலாம். இரண்டாவது அப்பா. அவர் ஸ்டாண்டர்ட் யூசர், அதாவது பயன்படுத்தலாம், மாற்ற முடியாது. தூத்துக்குடித் துறைமுகத்தில் லாரிக்காரர்களையும் கிளார்க்குகளையும் அதட்டுகிற ஏற்றுமதி ஏஜென்ட் லூர்துசாமி, மாடிப்படிக்குக் கீழே குனிந்து வந்தால் கடிகார முள்ளைக்கூட நகர்த்த முடியாது. மூன்றாவது ‘வாலு’. அது நான், ஜெசிந்தா. பெயர் வைத்தது அண்ணன். அதை மாற்றவும் எனக்கு உரிமை இல்லை. நான்காவது அம்மா, படத்துக்கு ஓர் ஆரஞ்சுப் பூ. அம்மாவுக்கு மவுஸ் என்றால் அரிசி மூட்டையைக் கடிப்பது. அண்ணன் சும்மா மரியாதைக்குப் போட்டுவைத்த கணக்கு.

நானும் ஒருகாலத்தில் அட்மினிஸ்ட்ரேட்டராக இருந்தவள்தான். போன வருடம் கம்ப்யூட்டர் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைத்தேன். அதைப் பார்த்துக் கிளம்பிய அப்பா, துறைமுக வாசலில் இருட்டில் செக்யூரிட்டியோடு டீ குடித்துக்கொண்டு நின்றார். அன்றே என் பதவி போனது. கப்பலுக்குக் கிளம்பும் முன் இந்த எட்டு மணிக் கெடுவையும் அண்ணன் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

எதை மாற்றப் போனாலும் ஒரு சின்னப் பெட்டி வந்து பாஸ்வேர்டு கேட்கிறது. அதில் அண்ணன் படம். கூலிங் கிளாஸ், பின்னால் கலங்கரை விளக்கம், மூலையில் என் கட்டைவிரல். எடுத்தது நான். இன்றைய முயற்சி, அவன் பிறந்த தேதி. தவறு.

என் வாழ்க்கையில் நான் பாஸ் ஆகாத ஒரே வேர்டு இதுதான்.

ஜூன் 6, புதன்

மாலை ஆறு முதல் ஏழு வரை கரண்ட் இல்லை. ஏழு முதல் எட்டு வரை கம்ப்யூட்டர் உண்டு. எட்டுக்கு மேல் அண்ணன் விடமாட்டான். மின்வாரியமும் அண்ணனும் கூட்டு சேர்ந்து என்னைப் படிக்கவைக்கப் பார்க்கிறார்கள்.

முயற்சி: அவன் பள்ளிக்கூட வரிசை எண். தவறு.

ஜூன் 9, சனி

மழை போல வந்து ஏமாற்றியது. துணி எடுக்க மொட்டை மாடிக்கு ஓடும்போது படியில் தலையை இடித்துக்கொண்டேன். அண்ணன் இருந்திருந்தால், ‘மாடிப்படி வானொலி நிலையத்தின் கோபுரத்தில் இன்று ஒரு விமானம் மோதியது’ என்று செய்தி வாசித்திருப்பான்.

மாடிப்படி வானொலி பற்றி இதில் எழுதிவைக்க வேண்டும். நான் ஏழாம் வகுப்பு, அவன் பாலிடெக்னிக் முதல் வருடம். ஹெட்போனோடு வந்த மைக்கை ஒரு டம்ளருக்குள் தொங்கவிட்டு ஆரம்பித்தோம். அவன் செய்தி வாசிப்பாளர். மற்ற எல்லாரும் நான். எதிர்வீட்டு ஜோஸ்பின் அத்தை, பங்குச் சாமியார், பால்காரர், போனில் லாரிக்காரரிடம் கத்துகிற அப்பா. அப்பாவின் குரலுக்கு நான் மூக்கைப் பிடித்துக்கொள்வேன். அண்ணன் சிரிப்பை அடக்க முடியாமல் சட்டையை வாயில் திணித்துக்கொள்வான். அந்த மூச்சுத் திணறல்கூடப் பதிவில் கேட்கும்.

ஒவ்வொரு நாளும் அவன், ‘இத்துடன் இன்றைய’ என்று தொடங்குவான். முடித்ததே இல்லை. அந்த நேரம் பார்த்து அடுப்படியிலிருந்து அம்மா குரல் வந்துவிடும். ஏட்டி, சோறு ஆறுது, ரெண்டு பேரும் வாங்க. அதோடு ஒலிபரப்பு முடியும். எல்லாப் பதிவும் அப்படித்தான் முடியும்.

அத்தனையும் அவன் கணக்கில் ஒரு ஃபோல்டரில் இருக்கிறது. இன்று திறக்கப் பார்த்தேன். ‘இந்த ஃபோல்டரைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை’ என்று ஆங்கிலத்தில் சொன்னது. பிறகு அந்தப் பெட்டி. அண்ணன் படம். இன்று எதுவும் அடிக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடிவிட்டேன். கண் சோர்வு, வேறொன்றுமில்லை.

ஜூன் 12, செவ்வாய்

இரண்டு மர்மங்கள்.

ஒன்று: ஹெட்போனைத் தலையில் மாட்டினால் கழுத்துவரை இறங்குகிறது. யாரோ பட்டையை இழுத்துப் பெரிதாக்கியிருக்கிறார்கள். பிளஸ் டூ வந்த ஒரே வாரத்தில் என் தலை சிறுத்துவிட்டதா?

இரண்டு: கீபோர்டில் என்டர் பட்டனில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது. சாளைச் செதில். எதிர்வீட்டுப் பூனையைச் சந்தேகிக்கிறேன். அதற்காவது பாஸ்வேர்டு தெரிந்தால் சரி.

ஜூன் 15, வெள்ளி

அப்பா பிரிண்டர் வாங்கி வந்தார். ஏற்றுமதிக் காகிதங்களை இனி வீட்டிலேயே அச்சடித்து, விடியற்காலையிலேயே துறைமுகத்துக்குக் கொண்டுபோகலாம் என்று திட்டம். வயரைச் செருகினோம். சி.டி.யைப் போட்டோம். பெட்டி வந்தது. பிரிண்டரைச் சேர்க்க அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு வேண்டுமாம்.

அப்பா திரையில் இருந்த அண்ணனிடமே கேட்டார், “ஏல, நான் ஒன் அப்பம்லே.” கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளவில்லை.

‘பிரிண்டர்ல மை இருக்குப்பா, உரிமைதான் இல்ல’ என்றேன். அப்பா பார்த்த பார்வையில் நானே ஒரு காகிதம் போல மடங்கி நழுவிவிட்டேன். அம்மா அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வந்ததுபோல் இருந்தது. அப்புறம் குழம்பு பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டாள். இன்று குழம்பே வைக்கவில்லை, நேற்றைய சுண்டல்தான்.

அண்ணனுக்கு மெயில் போட்டேன். கரைக்கு வந்தால்தான் பார்ப்பான்.

ஜூன் 17, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து அப்பா கம்ப்யூட்டர் கடை இசக்கிமுத்து அண்ணனைக் கூட்டி வந்தார். அவர் படிக்குக் கீழே உட்கார்ந்து, தலையை இடித்து, பத்து நிமிடம் தட்டிப் பார்த்துவிட்டு, ஃபார்மேட் அடிப்பதுதான் வழி என்றார். எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாய்ப் போட்டு, அப்பாவையே அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்கிவிடலாமாம். அப்பாவுக்கு அந்தப் பதவி பிடித்துவிட்டது.

‘அண்ணன் ஃபைல் எல்லாம்?’ என்று கேட்டேன். அவன் ஃபைல்களையும் சேர்த்துப் பூட்டி வைத்திருக்கிறானாம். வெளியே எடுத்தாலும் திறக்காது, போனது போனதுதானாம். அடுத்த ஞாயிறு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துப் போனார். வழக்கமாக நல்ல காப்பி போடுகிற அம்மா, இன்று சீனிக்குப் பதில் உப்பைப் போட்டிருக்கிறாள். இசக்கிமுத்து அண்ணன் பாவம், ஒன்றும் சொல்லாமல் குடித்தார். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் செய்யாத குறும்புக்கு நான் திட்டு வாங்கியது இதுவே முதல் முறை.

ஜூன் 18, திங்கள்

முயற்சி: என் பெயர். தவறு. நல்லவேளை.

ஜூன் 20, புதன்

கரண்ட் போகிற நேரத்தை மாற்றிவிட்டார்கள். நேற்றிலிருந்து எங்கள் தெருவுக்கு ஏழு முதல் எட்டு. அப்படியானால் என் கம்ப்யூட்டர் நேரம் மொத்தமும் இருட்டில் போய்விட்டது. சபித்துக்கொண்டே இன்று ஆறு மணிக்கு உட்கார்ந்து, சும்மா பெயரை அழுத்தினேன். உள்ளே விட்டது. ஒன்பது மணி வரையும் விட்டது.

அண்ணன் ஏதோ கடலில் இருக்கிறான். தூத்துக்குடியில் எங்கள் தெருவில் எப்போது கரண்ட் போகிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? யோசித்துப் பார்த்தால், எனக்குக் காய்ச்சல் வந்த ஏப்ரலில் மூன்று நாள் கம்ப்யூட்டர் திறக்கவே இல்லை. என் பிறந்தநாளன்று பத்து மணி வரை திறந்திருந்தது. எல்லாவற்றையும் முன்கூட்டியே கணித்து நிரல் எழுதிவிட்டுப் போயிருக்கிறான். என் காய்ச்சலைக்கூட. கடல் தாண்டியும் அவன் கண்ணில்தான் இருக்கிறேன் என்று நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது. ஒரு மாதிரி எரிச்சல்.

அந்தப் பெட்டியை இன்று நன்றாகப் பார்த்தேன். அண்ணன் படத்துக்குக் கீழே அம்மாவின் ஆரஞ்சுப் பூவும் சின்னதாக இருக்கிறது. அவன் எந்தப் பட்டியலிலும் அம்மாவைச் சேர்க்கிறவன். தெரு கிரிக்கெட் டீம் எழுதினால்கூட பன்னிரண்டாவது ஆள் அம்மாதான்.

முயற்சி: கலங்கரை விளக்கம், ஆங்கிலத்தில். தவறு.

ஜூன் 21, வியாழன்

ஃபார்மேட் வேண்டாம் என்று அப்பாவிடம் எப்படிச் சொல்வது? ஏன் என்று கேட்பார். பதிவுகள் இருக்கின்றன என்றால் என்ன பதிவு என்பார். மூக்கைப் பிடித்துக்கொண்டு அவரைப் போலக் கத்திய முப்பது நாற்பது பதிவுகள் என்று யார் சொல்வது? அதில் ஒன்றில் லாரிக்காரரிடம் தோற்றுப்போய் அழுகிறார்.

அம்மாவிடம் சொல்லிப் பார்க்கலாம் என்று அடுப்படிக்குப் போனேன். ‘எம்மா, அந்த கம்ப்யூட்டர்ல’ என்று தொடங்கினேன். அம்மா கையில் இருந்த கரண்டியைக் கீழே போட்டாள். அதை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அம்மாவைப் பற்றியும் ஒரு பதிவு இருக்கிறதே. ‘அம்மாவும் எலியும்’. ஒருதடவை கம்ப்யூட்டரைத் தொட்டுப் பார்க்கிறேன் என்று வந்தவள் மவுஸைத் திரையில் வைத்துத் தேய்த்தாள். ஒரு வாரம் நடித்துக் காட்டினேன். அந்த வாரம் எல்லாரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அம்மா கம்ப்யூட்டர் பக்கம் வந்ததில்லை. அவளுக்கு வேலை அதிகம்.

ஜூன் 23, சனி

அண்ணன் போன் செய்தான். சிங்கப்பூர். குரல் முன்னும் பின்னும் போய்வந்தது. இரண்டு நிமிடத்தில் கூப்பிடுகிற கார்டு தீர்ந்துவிடும் என்றான். அப்பா நலம் விசாரிக்காமலே நேராகக் கேட்டார்.

“ஏல, அந்தப் பாஸ்வேர்டு என்னலே?”

“அம்மாட்ட கேளுங்கப்பா.”

ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் தெளிவாகக் கேட்டது. அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. சைக்கிளைத் தொலைத்தது யார் என்றாலும், டியூப்லைட்டை உடைத்தது யார் என்றாலும், சின்ன வயதிலிருந்தே அவனுக்கு இதே பதில்தான். அம்மாவிடம் அனுப்பிவிட்டுத் தப்பித்துக்கொள்வான். போனை அம்மா கையில் திணித்து, “இந்தா, ஓம் புள்ள மறுபடி ஓஞ் சேலைக்குள்ள ஒளியுதாம்” என்றார்.

அம்மா ஸ்பீக்கரை அணைத்துவிட்டுக் காதில் வைத்தாள். சாப்பிட்டியா என்றாள். அப்புறம் கொஞ்சம் கேட்டுவிட்டு, இல்ல, இன்னும் சொல்லல என்றாள். அப்புறம், பாப்போம் என்றாள். கார்டு தீர்ந்தது.

என்ன சொல்லவில்லை என்று தெரியவில்லை. அம்மாவின் அல்சர் மாத்திரையைப் பற்றி இருக்கும்.

நாளை இசக்கிமுத்து அண்ணன் வருகிறார். நாளுக்கு ஒன்று என்ற கணக்கில் எனக்கு ஒரு முயற்சிதான் மிச்சம். அதை யோசித்து யோசித்து அடிக்கவே இல்லை. படத்தை மட்டும் பார்த்தேன். என் கட்டைவிரல் பெரிதாகத்தான் விழுந்திருக்கிறது. அன்றைக்கே சொன்னான், நான்தான் கேட்கவில்லை.

ஜூன் 24, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இதில் என் கைச்சரக்கு எதுவும் இல்லை.

பூசை முடிந்ததும் இசக்கிமுத்து அண்ணன் சி.டி. பையோடு வந்தார். மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து, “எடுக்க வேண்டியது எல்லாம் எடுத்தாச்சா அண்ணாச்சி?” என்றார். அப்பா தலையாட்டினார். அவர் சி.டி.யைத் தட்டில் வைத்தார்.

நான் போய் பிளக் பாயின்ட்டுக்கு முன்னால் நின்றுகொண்டேன். ஏன் நின்றேன் என்று தெரியாது. கால் போய்விட்டது.

“எப்பா, அதுல நாங்க பேசுனது இருக்கு” என்றேன். “நானும் அண்ணனும். ரேடியோ மாதிரி.”

“பேசுனா என்ன, மறுபடி பேசிக்கலாம்.”

“ஒங்கள மாதிரியும் பேசிருக்கேன்.”

அப்பா ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். “என்ன மாதிரியா? எப்படி?”

எப்படி என்று காட்டும் நிலைமையில் நான் இல்லை. மூக்கு ஏற்கெனவே அடைத்திருந்தது. ஜலதோஷம்.

அப்போது அம்மா வந்தாள். கையில் மீன் வாடை, சேலை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள். “தம்பி, கொஞ்சம் நவுருங்க” என்றாள். இசக்கிமுத்து அண்ணன் நகர்ந்தார். அம்மா சி.டி.யை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள். பிரிண்டரைச் சேர்க்கும் இடத்துக்கு நேராகப் போனாள். பெட்டி வந்தது. அண்ணனைத் தாண்டிக் கீழே போய் ஆரஞ்சுப் பூவை அழுத்தினாள். ஒற்றை விரலால், எழுத்தெழுத்தாகத் தேடி, நிதானமாக அடித்தாள். என்டர்.

பெட்டி மறைந்தது. கொஞ்ச நேரத்தில் பிரிண்டர் கனைத்துக்கொண்டு ஒரு தாளை வெளியே தள்ளியது.

மாடிப்படிக்குக் கீழே நாங்கள் மூன்று பேரும் குனிந்து நின்றுகொண்டிருந்தோம். உட்கார்ந்திருந்தது அம்மா மட்டும்தான்.

“ஒனக்கு எப்படிட்டி தெரியும்?” என்றார் அப்பா.

“ரூபன் சொல்லிக் குடுத்தாம். வீட்டுல இருக்கவ கையில இருக்கட்டும்னு.”

“அப்ப இத்தன நாளா?”

“நீங்க யாரும் எங்கிட்ட கேக்கவே இல்லியே.”

அப்பா அச்சான தாளை எடுத்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் வெறுமைதான். அதைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார்.

எனக்குள் ஒவ்வொன்றாக விழுந்தது. செதில். ஹெட்போன் பட்டை, அம்மாவின் கொண்டை. மாறிய கரண்ட் நேரம். என் காய்ச்சல்.

“எம்மா, அப்ப அந்த எட்டு மணி?”

“நாந்தான்” என்றாள். “பின்ன, கப்பல்ல இருந்து அவனா வந்து அமத்துவாம்?”

இசக்கிமுத்து அண்ணனுக்கு அம்மா காப்பி போட்டாள். சீனி போட்டு.

ஜூன் 25, திங்கள்

பள்ளியிலிருந்து வந்து வெங்காயம் உரித்துக் கொடுத்தேன். அப்படியே பேச்சோடு பேச்சாக விசாரித்தேன். அண்ணன் கிளம்புவதற்கு முந்தின வாரம், நான் டியூஷன் போன நேரத்தில், சாயங்காலம் சாயங்காலம் சொல்லிக் கொடுத்தானாம். மவுஸ் பிடிப்பது, கட்டம் கட்டமாக என் நேரத்தைக் குறிப்பது, ஃபோல்டரைத் திறப்பது. மத்தியானம் சமையல் முடிந்து யாரும் இல்லாத நேரத்தில் அம்மா மாடிப்படி வானொலி கேட்கிறாளாம்.

“அத ஏம்மா சொல்லல?”

“சொன்னா நீ நடிச்சுக் காட்டுவ” என்றாள். கோபமெல்லாம் இல்லை, உப்பு எவ்வளவு என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

வெங்காயம் ரொம்பக் காரம். கண்ணைக் கழுவப் போய்விட்டேன்.

திரும்பி வந்து, எனக்கும் அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை தரச் சொல்லி மனுப் போட்டேன். பரீட்சை முடியட்டும் என்றாள். அதுவரை ஸ்டாண்டர்டாகவே இருக்க வேண்டுமாம். லஞ்சமாக முந்திரி மக்ரூன் வாங்கித் தருவதாகச் சொன்னேன். மக்ரூனை வாங்கிக்கொண்டாள், மனுவை வாங்கவில்லை.

ஜூலை 1, ஞாயிறு

இன்று மத்தியானம் அம்மா என்னைக் கூப்பிட்டு முக்காலியில் உட்காரவைத்தாள். வானொலி ஃபோல்டரை என் கணக்கிலும் திறக்கும்படி செய்திருந்தாள். திறந்து கேட்கலாம், மாற்றவோ அழிக்கவோ முடியாது. “கேக்கலாம், தொடக் கூடாது” என்றாள். என்னைப் பெற்றவளுக்குத் தெரியாதா?

கரண்ட் போய் வந்த பிறகு, எட்டு மணிக்கு மேல் மூன்று பேரும் படிக்குக் கீழே நெருக்கியடித்து உட்கார்ந்தோம். முதலில் அப்பா கேட்ட பதிவு, லாரிக்காரர். அப்பா முடியும்வரை அசையாமல் கேட்டார். பிறகு, நான் இப்படியா பேசுகிறேன், எவன் சொன்னான், மூக்கில் பேசுகிற பழக்கமே எனக்குக் கிடையாது என்று சத்தம் போட்டார். பதிவில் இருந்ததைவிட அருமையாக இருந்தது. மைக் இல்லாமல் போய்விட்டதே என்றிருந்தது. எழுந்து போகும்போது, இன்னொரு தடவை நாளைக்குப் போடு என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்து எது என்று அம்மாவைக் கேட்டேன். அவள் மவுஸைப் பிடித்து, தேடாமல், நேராக ஒன்றை அழுத்தினாள். ‘அம்மாவும் எலியும்’.

நான் வேறு போடலாம் என்றேன். “இருக்கட்டும்” என்றாள். “இதுலதான் அவன் ரொம்பச் சிரிப்பாம்.”

கேட்டோம். என் குரல் கீச்சென்று இருந்தது. நான் அம்மாவாகப் பேசப் பேச, அண்ணன் சட்டையை வாயில் திணித்துக்கொள்ளும் சத்தம். அப்புறம் அது முடியாமல், படியில் தலையை இடித்துக்கொண்டு சிரிக்கிற சத்தம். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். எந்த இடத்தில் அவன் மூச்சு வாங்குவான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த இடத்துக்கு முன்னாலேயே அவள் உதடு விரிந்தது.

“இத்துடன் இன்றைய” என்றான் அண்ணன்.

“ஏட்டி, சோறு ஆறுது, ரெண்டு பேரும் வாங்க” என்றாள், நான்கு வருடத்துக்கு முந்தைய அம்மா.

பதிவு முடிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்திருக்கவில்லை. அடுப்படியில் உண்மையிலேயே சோறு ஆறிக்கொண்டிருந்தது.

திரையின் மூலையில் ஓர் எச்சரிக்கை வந்தது. வாலுவின் நேரம் முடியப்போகிறதாம். மணி ஒன்பது ஆகப்போகிறது.

நான் நேரக் கட்டங்களைத் திறந்தேன். பெட்டி வந்தது. அண்ணன் படம், கூலிங் கிளாஸ், என் கட்டைவிரல். அவனை அழுத்தவில்லை. கீழே போய் ஆரஞ்சுப் பூவை அழுத்தி, கீபோர்டை அம்மா மடியில் வைத்தேன்.

“எம்மா, இன்னும் ஒண்ணே ஒண்ணு கேப்போமா?”

அம்மா கீபோர்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒற்றை விரல் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டுகிற சத்தம் கேட்டது. ஓரக்கண்ணால்கூடப் பார்க்கவில்லை.